கவசத்தின் இடது ஓரம்

"இடது பக்கந்தான் புள்ள. இன்னும் உறுத்துது" என்றார் சூசைமாணிக்கம். அமலோற்பவத்தின் வாயில் குண்டூசி இருந்தது, அதனால் ம் என்று மட்டும் சொன்னாள். உறுத்தாமல் என்ன செய்யும்? நீலத் தண்ணி ட்ரம்மை அறுத்துச் செய்த கவசம், அதென்ன பட்டுச் சட்டையா? மத்தியானச் சோறு உண்டும் உண்ணாமலும் எழுந்து வந்தவள் அவள். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முன்னறை நடுவில் புருஷனைக் கொண்டுவந்து நிறுத்தி, ட்ரம்மை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறாள். அவரோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு இங்கே உறுத்துது, அங்கே இடிக்குது என்கிறார். வெள்ளிக்கிழமை பாஸ்கு நாடகம். கோவில் மைதானத்தில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்து, ஆண்டவரைப் பிடித்ததிலிருந்து சிலுவையில் அறைந்தது வரைக்கும் பார்த்து அழும். இவர்தான் நூற்றுவர் தலைவன், ரோமைப் படைக்காரர்களுக்கு மேலே நிற்கிறவன். சாட்டையடிக்குக் கட்டளை கொடுப்பதும், எல்லாம் முடிந்த பிறகு சிலுவைக்குக் கீழே மண்டிபோட்டு மனம் மாறுவதும் அவன்தான். கவசம் கழுத்தில் குத்தினால் எப்படி மண்டிபோடுவார், குனியும்போது ஓரம் தொண்டையில் ஏறும் என்று நினைத்துக்கொண்டே அமலோற்பவம் ஊசியைத் துப்பினாள், தோள் பெல்ட்டைத் தளர்த்தினாள், கவசத்தைக் கழற்றி மெஷின் பலகைமேல் வைத்தாள், கழுத்துக் குழிவின் இடது ஓரத்தில் சாக்குக்கட்டியால் நகக்கண் அகலத்துக்கு ஒரு கோடு போட்டாள். கோடு போடாமல் அவள் எதையும் வெட்டியதில்லை, துணியானாலும் சரி, ட்ரம் ஆனாலும் சரி. ஆக்சா பிளேடை எடுத்து மெதுவாக இழுத்தாள். பிளாஸ்டிக் தூள் நீல நீலமாக மடியில் விழுந்தது.

இந்த ட்ரம்மை அறுத்த அன்றைக்கு வீடே சிரிப்பாய்ச் சிரித்தது. இவர் பைப் வேலைக்காரர், பைப்பைத் தீயில் காட்டி வளைக்கிற கை, அதே மாதிரி ட்ரம்மையும் வளைத்துவிடலாம் என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். கோணிச் சாக்கில் மணலைக் கொட்டி, இவர் உடம்பளவுக்குக் குத்திக் குத்தி நிறைத்து, வயிற்றுக்கு மட்டும் தனியாக இரண்டு சட்டி மணல் போடவேண்டியிருந்தது. அப்போது இவருக்கு அப்படி ஒரு தொப்பை, சும்மா சொல்லக்கூடாது, வாசற்படியில் இவருக்கு முன்னால் தொப்பை நுழையும். சூடான தகட்டைச் சாக்கின்மேல் போட்டு இரண்டு பேரும் ஈரத்துணியால் அமுக்கினார்கள், ஆவி முகத்தில் அடித்தது, ஐயோ சுடுது மாமா என்று இவள் கத்த, அமுக்கு புள்ள விட்றாத என்று அவர் கத்த. மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து உருவின பெல்ட்டால் தோளிலும் விலாவிலும் கட்டு. ஓரம் அறுக்காமல் இருக்க சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் கீறி ஒட்டினாள். வெள்ளிப் பெயிண்ட், அது காய்ந்ததும் கறுப்பு ஷூ பாலிஷைத் தேய்த்துவிட்டால் அசல் இரும்பு. தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், அதன் உச்சியில் சிவப்புச் சாயம் முக்கின விளக்குமாறு. ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் அந்த வருஷம் மண்டிபோடுகிற காட்சியில் இவர் வாயிலிருந்து வீசிய வாடையில் சிலுவையடியில் நின்ற மாதாவாக நடித்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனம் அதை மாதாவின் துக்கம் என்று நினைத்தது. அமலோற்பவத்துக்குத் தெரியும். அவள் அன்றைக்கு முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மைதானம் பூராவும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

வெட்டின ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தாள். விரலை ஓட்டிப் பார்த்தாள், வழவழவென்று இருந்தது. மறுபடியும் மாட்டினாள். விலாப் பக்கத்தில்தான் பெரிய வேலை இருந்தது. மார்புத் தகடும் முதுகுத் தகடும் முன்பெல்லாம் ஒன்றை ஒன்று தொடாது, நடுவில் பனியன் தெரியும், பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கும் எட்டாமல் இழுத்துக் கட்டவேண்டும். இப்போது முன் தகட்டுக்கு அடியில் பின் தகடு நுழைந்து, நாலு விரல் ஏறி நிற்கிறது, இரண்டு ஓரமும் சேர்ந்து தோலைக் கிள்ளுகிறது. "அம்புட்டுமா வெட்டணும்?" என்றாள். "பின்ன? ஒருசந்தி புள்ள, ஒருசந்தி" என்று அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார், ட்ரம் டொம்மென்றது. அவளுக்குப் பெருமைதான், ஏன் இருக்காது? சாம்பல் புதன் அன்றைக்கு நெற்றியில் சாம்பலோடு வந்து, தபசுக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி, ஒருவேளைச் சோறுதான், கறி மீன் கிடையாது, அந்தத் தண்ணி நாக்கில் படாது என்று குருசுமேல் கையை வைத்துச் சொன்னார். சொல்லவைத்தது அவள். நேர்ச்சை அவளுடையது. போன வருஷ ஆகஸ்டில் மாதா திருவிழாக் கொடியேறின அன்றைக்கே கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், தாயே இந்த மனுஷனை ஒரு தபசுக்காலம் முழுக்க சுத்தமாக நிற்கவை, நான் முழங்காலால் கோவிலைச் சுற்றி வருகிறேன் என்று. நின்றுவிட்டார்! தெருவில் யார் கேட்டாலும் அவளே முந்திக்கொண்டு சொன்னாள், அவுக ஒருசந்திங்க, அதான் இப்புடி எளச்சுட்டாக. பங்குச்சாமியார் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் சொன்னார், நம் ஊரிலேயே ஒருவர் என்று, அத்தனை தலையும் திரும்பி இவளைப் பார்த்தது, அன்றைக்கு அவள் முந்தானையை இழுத்துவிடவில்லை. அந்தச் சந்தோஷத்தை ஒருத்தரும் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே விலா ஓரத்தில் நாலு விரல் அளந்தாள். இவள் விரல் நாலு. இரண்டு பக்கமும் சேர்த்தால் எட்டு. எட்டு விரல் மனுஷன் எங்கே போனான்? சீ, இதென்ன கணக்கு, தொப்பை போச்சு, தொலையட்டும், குடித்த தொப்பைதானே.

கோடு போட்டாள். பிளேடு வைத்தாள். தொப்பை போனது சரி. ஆனால் இவள் தையல்காரி. உடம்பு எங்கே எளைக்கும் எங்கே எளைக்காது என்று அளவு நாடா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. விரதம் இருந்து எளைத்தவனுக்கு வயிறு வற்றும். தோள்பட்டைக்கு நடுவில் இருக்கிற முதுகு வற்றாது, மேற்கை வற்றாது. இவருக்கு அதெல்லாம் வற்றியிருக்கிறது. போன வாரம் கவசத்துக்கு உள்ளே போடுகிற வெள்ளை அங்கி தைக்க அளவெடுத்தபோது நாடா தோளில் நிற்காமல் வழுக்கியது. பைப் தூக்கின தோள். அதைவிட ஒன்று இருக்கிறது, அதை அவள் நினைக்கமாட்டாள், நினைக்க வேண்டாம் என்று மூன்று நாளைக்கு முன்னால், குருத்து ஞாயிறன்றைக்கே முடிவு பண்ணினாள், பிளேடை மட்டும் பார் அமலி, பிளேடு கோட்டைவிட்டு விலகுது பார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருசந்தி கிடையாது. அதுதான். அதை யாரிடமும் சொல்லவில்லை அவள். தபசுக்காலமே ஆனாலும் ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு மூன்று வேளையும் சாப்பிடலாம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குருத்தோலையைச் சாமி படத்தில் செருகிவிட்டு அவள் புட்டு அவித்தாள், அவருக்கென்று தேங்காயைக் கூடுதலாகத் துருவிப்போட்டு, வாழைப்பழம் பிசைந்து வைத்தாள். அந்தப் புட்டுக்காகப் பொண்டாட்டியை விற்கிற மனுஷன். இரண்டு வாய் தின்றார். மூன்றாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டே வெகு நேரம் இருந்தார். பிறகு தட்டின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தார், போதும் புள்ள, நெறஞ்சுருச்சு என்றார். இன்னிக்கு ஒருசந்தி இல்ல மாமா என்று இவள் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சொன்னால் அவர் வேறு எதையாவது சொல்லிவிடுவார் என்று ஒரு பயம் வந்தது, அதனால் தட்டை எடுத்துக் கழுவிவிட்டாள். நெறஞ்சுருச்சு. இதே வார்த்தையை இதே மாதிரி மூச்சை இழுத்துவிட்டு அவள் கூடப்பிறந்த தார்சீசு அண்ணன் சொல்வான். வேண்டாம், தார்சீசு அண்ணன் இங்கே வேண்டாம். அவனைக் கல்லறையில் வைத்து மண்ணைப் போட்டாச்சு, மெழுகுவத்தி ஏற்றியாச்சு, இந்த மத்தியானத்தில் அவனுக்கு இங்கே என்ன வேலை?

கோவில் ஒலிபெருக்கியில் யாரோ ஹலோ மைக் டெஸ்ட் ஹலோ என்று கத்தினார்கள். விலாத் துண்டு இரண்டும் தரையில் விழுந்தன, வளைந்து, வெள்ளி முகமும் நீல முதுகுமாக. காலால் ஓரமாக ஒதுக்கினாள். டியூப்பை ஒட்டி, காயும் வரைக்கும் விசிறிவிட்டு மறுபடியும் மாட்டினாள். விலா சரியாகிவிட்டது. அக்குளுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தாள், காற்றுப் போக இடம் இருந்தது. "உக்காருங்க" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தார், அடி ஓரம் தொடையில் இடிக்கவில்லை. "மண்டி போடுங்க." போட்டார். போடும்போது ஒரு கை தானாக மேல்வயிற்றுக்குப் போனது, ட்ரம்மின்மேல் பட்டு வழுக்கித் திரும்பி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். பொங்கலுக்கும் இதே கை இதே இடத்துக்குத்தான் போனது. அடுப்படியில் கரும்பை ஒடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டார், வயிறு எரியுது புள்ள என்றார், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடிச்ச வயிறு எரியாம என்ன செய்யும், நல்லா எரியட்டும் என்றாள். பானை பொங்கிக்கொண்டிருந்தது, இவளுக்குக் கோபமும் பொங்கிக்கொண்டிருந்தது, முதல் நாள் ராத்திரி அவர் வாசலில் விழுந்து கிடந்ததை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள், அந்தக் கோபம். அதற்கப்புறம் அவர் வயிறு என்று ஒரு வார்த்தை பேசியதில்லை. எரிச்சல் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? குடியை விட்டார், எரிச்சலும் விட்டுப்போச்சு. அப்படித்தான் இருக்கும். "இடது பக்கம்" என்றார் அவர், மண்டிபோட்டபடியே, கழுத்தை வலது பக்கம் சாய்த்துக்கொண்டு. "இன்னுமா?" "அதே எடந்தான். காறை எலும்புக்கு மேல. குனிஞ்சா அமுக்குது."

ஜன்னலில் உபதேசியார் அருளானந்துவின் தலை தெரிந்தது. கோவிலில் செபம் சொல்லிக்கொடுக்கிறவர், பாஸ்குக்கும் அவர்தான் வாத்தியார், கையில் வசனத் தாளோடு தெருத்தெருவாக நடிகர்களை விரட்டிக்கொண்டு திரிகிறார். "என்ன தலைவரே, ஒத்திகைக்கு வாரீகளா? பிலாத்து வந்தாச்சு, பரபாசு வந்தாச்சு, படைக்காரப் பயலுக மட்டும் டீக்கடையில நிக்கிறானுக." "இந்தா வந்துட்டேன் உபதேசியாரே, ஓரம் மட்டும் வெட்டணுங்குறா." உபதேசியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவரை உற்றுப் பார்த்தார். கண்ணில் தண்ணி கட்டிவிட்டது அவருக்கு. "மொகத்தப் பாருங்க தங்கச்சி. கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, அசல் தபசுக்காரன். இந்த வருசம் நீரு மண்டி போடையில சனம் கதறப்போவுது பாருமய்யா. எல்லாம் தங்கச்சி செபந்தான்." அமலோற்பவம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் கன்னத்தில் நின்றுவிட்டது. உபதேசியார் போய்விட்டார், செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. கண்ணு உள்ள போயி. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போகிறாரே மனுஷன். இவளும்தானே இத்தனை நாளாய்ப் புகழ்ச்சியாகச் சொன்னாள்? ஊரில் வேறு யாராவது இப்படி எளைத்திருந்தால், அவன் இந்துப் பையனாகவோ, ஒருசந்தி பிடிக்காத ஆளாகவோ இருந்திருந்தால், ஏப்பா டாக்டர்கிட்ட காட்டுனியா என்று முதல் ஆளாக இவளே கேட்டிருப்பாள். தபசுக்காலம் என்பதால் ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல வேளையாகக் கேட்கவில்லை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவளுக்கு உடனே வெட்கமாக இருந்தது.

கழற்றினாள். மறுபடியும் கோடு, இந்த முறை அரை விரல். வெட்டினாள், தேய்த்தாள், மாட்டினாள். "இப்ப?" அவர் தலையை ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். "தேவல. ஆனா இருக்கு." "வலது பக்கம்?" "வலது பக்கம் ஒண்ணுமில்ல. அதுபாட்டுக்கு இருக்கு." அதெப்படி? அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தையலில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வராமல் போனதே கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வெட்டினாலும் பிசகாது. ஒருவேளை வளைக்கும்போதே ட்ரம் இடது பக்கம் தூக்கிவிட்டதோ? நேற்று வரைக்கும் இல்லாத தூக்கல் இப்போது எங்கிருந்து வரும்? போன வருஷம் இதே ஓரத்தோடு ராத்திரி முழுக்க நின்றாரே. பிளாஸ்டிக் வளருமா என்ன? கழற்றிப் பலகையில் வைத்தாள். பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வலது ஓரத்தில் வைத்து அமுக்கி, நகத்தால் கீறி, கத்தரியால் அந்த வளைவைக் கச்சிதமாக வெட்டி எடுத்தாள். ரவிக்கைக் கழுத்துக்குச் செய்கிற வேலைதான். பேப்பரைத் திருப்பிப் போட்டு இடது ஓரத்தில் வைத்தாள். பேப்பர் ஓரத்துக்கும் பிளாஸ்டிக் ஓரத்துக்கும் நடுவில் கட்டைவிரல் போகிற அளவுக்கு இடைவெளி. இடது பக்கம் உயரமாக இல்லை. வலதைவிட ஆழமாக, வெகு ஆழமாக வெட்டியாகிவிட்டது. உறுத்த வேண்டியது வலது பக்கம். இடது பக்கத்தில் தகடு தோலைத் தொடவே கூடாது. பேப்பரை இன்னொரு முறை திருப்பி வைத்தாள். அதே இடைவெளிதான். மைக்கில் யாரோ வியாகுலப் பாட்டை ஆரம்பித்துப் பாதியில் இருமினார்கள்.

வந்துவிட்டான் தார்சீசு அண்ணன். எவ்வளவு தள்ளினாலும் வந்து நின்றுவிட்டான், பெரியாஸ்பத்திரியின் அந்த நீளப் பெஞ்சில், கட்டம் போட்ட கைலியோடு. அவனுக்கும் வயிறுதான். கேஸ் என்றார்கள், சோடா குடித்தான், பூண்டு தின்றான். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும், பண்டிகை கழியட்டும் என்றாள் மதினி, பண்டிகை கழியட்டும் என்று இவளும்தான் சொன்னாள், முறுக்கு சுற்றிக்கொண்டே சொன்னாள். கழிந்த பிறகு கூட்டிப்போனார்கள். சின்ன வயசு டாக்டரம்மா, வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் வயிற்றை விட்டுவிட்டு, இரண்டு விரலை எடுத்து அண்ணனுடைய இடது காறை எலும்புக்கு மேலே, அந்தக் குழியில் வைத்தாள். என்ன டாக்டர் இவள், வயிறு வலிக்குது என்றால் கழுத்தைத் தடவுகிறாள், படித்துத்தான் வந்தாளா என்று இவள் மதினி காதில் கிசுகிசுத்தாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், ஆண்டவரே, சிரித்தார்கள். டாக்டரம்மாவின் விரல் அங்கேயே நின்றது. முகம் மாறவில்லை, ஆனால் பேச்சு மாறியது, அதுவரைக்கும் என்ன அண்ணே என்று பேசிக்கொண்டிருந்தவள், கூட வந்தவங்க யாரு, கொஞ்சம் வெளிய வாங்க என்றாள். கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் அண்ணன் போய்விட்டான். கடைசியில் அந்த இடத்தை இவளும் தொட்டுப் பார்த்தாள், துடைத்துவிடும்போது. சுண்டைக்காய் மாதிரி இருந்தது, கல்லுச் சுண்டைக்காய், நகரவில்லை. அன்றைக்கு ஒரு கேள்வி இருந்தது அவளுக்கு, வயித்து நோவு கழுத்துக்கு எப்படி ஏறிச்சு என்று, அதை ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

"என்ன புள்ள, பேப்பர வச்சுக்கிட்டு நிக்கிற?" என்றார் சூசைமாணிக்கம். பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோளில் பெல்ட் அழுத்தின தடம் சிவப்பாக இருந்தது. ஒன்றுமில்லை, போய்த் தொட வேண்டியதுதான். முன்னறைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எவ்வளவு தூரம், கையை நீட்டினால் எட்டுகிற தூரம். தொடாமலும் இருக்கலாம். இன்னும் ஒரு விரல் வெட்டிவிட்டால் தகடு அந்த இடத்துப் பக்கமே போகாது, அவர் சௌகரியமாக நிற்பார், மண்டி போடுவார், சனம் கதறும், ஞாயிற்றுக்கிழமை உயிர்ப்புத் திருவிழா, ஆட்டுக்கறி எடுக்கலாம், எல்லாம் கழியட்டும். கழியட்டும். அந்த வார்த்தை வாயில் வந்ததும் முறுக்கு மாவு வாடை அடித்தது அவளுக்கு. அடிப்பாவி, மறுபடியுமா என்று தன்னையே கேட்டாள். எழுந்து போய் அவருக்குப் பின்னால் நின்று, துணி அளக்கிற மாதிரி வலது தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இடது கையின் இரண்டு விரலைக் காறை எலும்புக்கு மேலே அந்தக் குழியில் வைத்தாள். குழி இல்லை அங்கே. விரலுக்கு அடியில் அது இருந்தது, நெல்லிக்காய் அளவுக்கு, கெட்டியாக. அமுக்கினாள், நகரவில்லை. தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அவர் திடுக்கிடவில்லை. தன் கையைத் தூக்கி அவள் விரலின்மேல் வைத்து அங்கேயே பிடித்துக்கொண்டார், அதில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது, இது அவருக்குத் தெரியும், வெகு நாளாகத் தெரியும்.

"எப்பருந்து மாமா?"

"பொங்கலுக்கு முன்னாடியே. அப்ப மொளகளவுதான் இருந்துச்சு."

"வயிறு?"

"அது இருக்கு. உள்ள எறங்க மாட்டேங்குது சோறு. நடுவுல நின்னுக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஏன் சொல்லல, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் திரும்பாமலே சிரித்தார். "சொன்னேனே. நீதான் நல்லா எரியட்டும்ன." வலது தோளிலிருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிட்டு சொல்லல புள்ள. நீ சொன்னது நெசந்தானே. தார்சீசு மச்சானப் பாத்தவந்தானே நானும், எனக்கும் தெரியும். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன். சாம்பல் புதன் அன்னிக்கு நீ குருசுமேல கைய வைக்கச் சொன்னியே, அப்ப மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், ஆண்டவரே இந்த வலிய வச்சுக்கிரும், அந்த எழவுத் தண்ணிய எங்கிட்டருந்து எடுத்துரும்னு. அவரும் எடுத்துட்டாரு. வலி வாரப்ப அது ஞாபகமே வரல புள்ள. சத்தியமா வரல."

ஒப்புக்கொடுத்துட்டாராம். இவளும்தானே வாழ்க்கை முழுக்க அதையே சொல்லி வளர்ந்தாள், பல் வலித்தால் ஒப்புக்கொடு, முழங்கால் வலித்தால் ஒப்புக்கொடு, ஆத்துமங்களுக்காக, பாவிகளுக்காக. பூசையில் அப்பமும் ரசமும் மாதிரி இந்த மனுஷன் தன் வயிற்றைத் தூக்கிப் பீடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து புட்டுத் தட்டில் கையைக் கவிழ்த்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டே இவள் தெருவில் பெருமை பேசிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கொடிமரத்தைப் பிடித்துக் கேட்டாயே அமலி, சுத்தமாக நிற்கவை தாயே என்று, கேட்டது கிடைத்ததா? இப்படியா கொடுப்பாய் மாதாவே? இல்லை, மாதாவை இழுக்காதே, அவள் பிள்ளையும்தான் தொங்கினான். அழுதால் அவர் சமாதானம் செய்வார், சமாதானம் செய்தால் நேரம் போய்விடும், அதற்குள் ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அழக்கூடாது. "கெளம்புங்க" என்றாள். "மூணு மணி பஸ்ஸுல போவோம். திண்டுக்கல்ல சித்தி வீட்டுல தங்கிட்டுக் காலையில பெரியாஸ்பத்திரி. நாளைக்கு ஓ.பி. உண்டு."

"நாளைக்குப் பெரிய வியாழன் புள்ள. பாதம் கழுவுற பூசை."

"இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழம ஒரு நாள்தானே. அது முடிஞ்சிரட்டும். அங்க போனா படுக்க வச்சிருவாங்க, தெரியுமில்ல? ஒரே ஒரு தடவ குடிக்காத வாயோட அந்த சிலுவைக்குக் கீழ மண்டி போட்டுக்கிறேன். சனம் பாக்கட்டும். நீ தலை நிமுந்து உக்காந்து பாரு. பொறகு எங்க கூப்பிட்டாலும் வாரேன்." சொல்லிவிட்டு எழுந்தார், பலகைமேல் இருந்த மார்புத் தகட்டைக் கண்ணால் காட்டினார். "இன்னும் ஒரு விரல் எறக்கி வெட்டிட்டின்னா போதும். உறுத்தாது."

வெட்டினால் உறுத்தாதுதான். அவர் கேட்பது அவ்வளவுதான், ஒரு விரல். அவளுக்குக் கொடுக்கவும் ஆசையாக இருந்தது, அதுதான் கொடுமை. தலைநிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிற ஆசை அவளுக்கு எத்தனை வருஷத்து ஆசை! மைதானத்தில் முன்வரிசையில் பாய், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளிக் கவசம், பக்கத்திலிருப்பவள் இடித்துச் சொல்வாள், ஒன் வீட்டுக்காரராடி, எப்புடி இருக்காரு பாரு என்று. மைக் கரகரத்தது. உபதேசியாரின் குரல் தெரு முழுக்க வந்தது: நூற்றுவர் தலைவர் சூசைமாணிக்கம் எங்கிருந்தாலும் உடனே ஒத்திகைக்கு வரவும், தலைவர் சூசைமாணிக்கம். "பாத்தியா, ஏலம் போட ஆரம்பிச்சுட்டாரு" என்று சிரித்துக்கொண்டு அவர் சட்டையைத் தேடினார். அமலோற்பவம் மெஷின் பலகைக்குப் போனாள். கவசத்தை இழுத்துத் தன் பக்கம் திருப்பி, இடது கையால் அழுத்திப் பிடித்தாள். சாக்குக்கட்டி அங்கேதான் கிடந்தது. ஆக்சா பிளேடை எடுத்துக் கழுத்துக் குழிவின் நட்டநடுவில் வைத்து, கீழ்நோக்கி இழுத்தாள். "ஏ, அங்க இல்ல புள்ள, ஓரத்துல, ஓரத்துல" என்று அவர் பதறி ஓடிவந்தார். அவள் நிமிரவில்லை. நெஞ்சைத் தாண்டி வயிற்றுப் பக்கம் பிளேடு இறங்கியது, ஷூ பாலிஷும் வெள்ளியும் நீலமுமாகத் தூள் பறந்தது, ட்ரம் இரண்டாகப் பிளக்கும்வரை அவள் கையை நிறுத்தவில்லை. இந்த வெட்டுக்கு அவள் கோடு போடவில்லை.